தணிக்கையாளரின் ஸ்லிப்பர் கிளட்ச்

எப்பாடுபட்டாவது தன் பைக்குக்கு ஸ்லிப்பர் கிளட்ச் போட்டே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது தணிக்கையாளர் முடிவெடுத்தார். அவருடைய பெரிய முடிவுகள் எல்லாம் குளியலறையில்தான் எடுக்கப்படும். வெளியே வந்தால் மனைவி இருப்பாள்.

அந்த வீட்டில் அலமாரி அவளுடையது. டிவி ரிமோட் அவளுடையது. கட்டிலில் ஜன்னல் பக்கமும் அவளுடையதே. அவருக்கென்று மிஞ்சியது சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றுதான். அதன் கிளட்ச் லீவர் கல் மாதிரி இறுகிக் கிடக்கும். ஒருமுறை அவள் அழுத்திப் பார்த்துவிட்டு, "அம்மாடி, கை போயிடுச்சு" என்று உதறிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அந்தச் சாவி மட்டும் அவர் பையில் நிம்மதியாக இருந்தது.

பைக் பந்தயத்துக்கென்றே பிறந்தது. ஓட்டுகிறவர் அப்படியில்லை. வேகத்தடை கண்ணில் பட்டால் பாதித் தெருவுக்கு முன்பே மனசால் பிரேக் போட்டுவிடுவார். சைக்கிளில் போகிறவர்கள்கூட, பாவம் என்று மணியடிக்காமல் அவரை முந்திப் போவார்கள். அப்படிப்பட்டவரிடம் மெக்கானிக், "சார், இந்த வண்டிக்கு ஸ்லிப்பர் கிளட்ச் போட்டா எங்கேயோ போயிடும்" என்று சொல்லித் தொலைத்தான். மனுஷருக்கு அன்று முதல் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தவர் செலவுக் கணக்கைப் புரட்டி, "தேவையற்ற செலவு" என்று சிவப்பு மையில் எழுதுவதுதான் அவர் உத்தியோகம். அந்தப் புண்ணியவான் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, ஒரு விஷயம்."

"செலவா?"

"பாதுகாப்பு."

"யாருக்கு?"

"உனக்குத்தான்! வேகமாப் போகும்போது சட்டுனு கியரைக் குறைச்சா, எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். வண்டி குலுங்கும். ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தா அந்த இழுப்பைக் கொஞ்சம் நழுவ விட்டுடும். நீ பின்னாடி ஜம்முனு உட்கார்ந்து வரலாம்."

"ஸ்லிப்பர்தானே? வாசல்ல நாலு ஜோடி கிடக்கு. ஒண்ணை எடுத்து மாட்டுங்க."

இந்த ஜோக் வரும் என்று பல் தேய்க்கும்போதே அவருக்குத் தெரியும். இருந்தாலும் வலித்தது.

"அதெல்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு. நீங்க என்னிக்கு வேகமாப் போனீங்க?"

"இனிமே போவேன்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"தேவையற்ற செலவு."

ஊருக்கெல்லாம் அவர் எழுதினதை அவருக்கே ஒருத்தி சொல்லிவிட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பற்றி அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்து, "வலிக்கவே வலிக்காது, அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லியே ஊசி குத்துகிறவள். அந்தப் பக்கம் பார்த்தவர்கள் திரும்பும்போது கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து தணிக்கையாளரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் அவளை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். திரும்பும்போது மேம்பாலத்து இறக்கத்தில், ஜென்மத்தில் போகாத வேகத்தில் போய், கியரைத் தடதடவென்று குறைத்தார். பைக் துள்ளியது. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் ணங்கென்று மோதின. பையிலிருந்த முட்டைகள் உயிரை விட்டன.

"பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன்!"

"ஐயோ, இடுப்பு போச்சு! மாத்தித் தொலைங்க. உங்ககிட்ட பேசி யாரால ஜெயிக்க முடியும்?"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டறையில் மெக்கானிக் வேறு, "தெருவுல ஓட்டுறவங்க யார் கேட்டாலும் இது தண்டம்னு சொல்லிடுவேன் சார். உங்க வீட்டுக்கு மட்டும் போட்டே ஆகணும்" என்றான். தணிக்கையாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

புது கிளட்ச் வந்த மறுநாள் அலுவலகத்துக்குக் கிளம்பிப் பையைத் தடவினார். சாவியைக் காணோம். வாசலுக்கு ஓடினால், பைக் மேல் மனைவி. தலையில் ஹெல்மெட். இரண்டே விரலால் லீவரை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"வெண்ணெய் மாதிரி இருக்குங்க. மெக்கானிக் சொன்னது சரிதான்."

"உன்கிட்ட எப்ப சொன்னான்?"

"போன மாசமே. லீவர் இறுக்கம் போக என்ன வழின்னு கேட்டேன். ஸ்லிப்பர் கிளட்ச் போட்டா லீவரும் லேசாயிடும்னார். உங்க காதுல போட்டு வைக்கச் சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு வேண்டாம்னே?"

"வேணும்னு கேட்டிருந்தா போட்டிருப்பீங்களா?"

தணிக்கையாளர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"லை... லைசென்ஸ்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கியாச்சு. நீங்கதான் ஒருநாளும் கேட்கலை."

"நான் ஆபீசுக்கு எதுல போறதாம்?"

"நான் போற வழிதானே? ஏறுங்க, இறக்கி விடறேன்."

ஏறினார். கம்பியைப் பிடிப்பதா, அவள் தோளைப் பிடிப்பதா என்று யோசிப்பதற்குள் தெருமுனை போய்விட்டது. தன் வண்டிக்கு இத்தனை வேகம் உண்டு என்பதே அவருக்கு மேம்பாலத்தில்தான் தெரிந்தது. இறக்கத்தில் அவள் கியரைச் சடசடவென்று குறைத்தாள்.

வண்டி துளிகூடக் குலுங்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.