கடைசிப் பத்து மீட்டர்

எல்லா நடைமுறையும் தெரிந்தவன் தவறு செய்ய மாட்டான் என்று நம்புகிறவர்கள் என்னோடு பயணம் செய்ததில்லை.

முப்பத்து மூன்று வருடம் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்த்தவன் நான். பெல்ட்டின் நீளத்தை வேகத்தால் வகுத்து, நிலக்கரி எப்போது வந்து விழும் என்று நிமிடச் சுத்தமாகச் சொல்வேன். ஓய்வு பெற்ற அடுத்த மாதம் மகனுக்கு டெல்லியில் கல்யாணம். பெண் வீட்டார் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். சென்னையிலிருந்து வான்வழித் தூரம் ஆயிரத்து எழுநூற்று அறுபது கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு எண்ணூறு. வகுத்தேன். இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்.

"டிக்கெட்ல ரெண்டு மணி அம்பது நிமிஷம்னு போட்டிருக்குங்களே" என்றாள் மனைவி.

"அது ஓவர்டைம் எழுதற மாதிரி. கூட்டித்தான் போடுவான்."

(ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, ஏறுவது, வட்டமடித்து இறங்குவது எல்லாம் பெல்ட்டுக்குக் கிடையாதே!)

அந்த நம்பிக்கையில், சம்பந்தி கேட்ட பதினொன்றரை முகூர்த்தத்தைத் தள்ளிவிட்டு, ஒன்பதே முக்காலிலிருந்து பத்தரைக்குள் என்று பிடிவாதமாக வைத்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவி ஒப்படைக்க வேண்டியிருந்ததால் மற்றவர்கள் முன்னதாகவே ரயிலில் போக, நான் மட்டும் கல்யாணத்தன்று காலை ஆறு மணி விமானத்தில். தாலி என்னிடம். (முக்கியப் பொருள் பொறுப்பாளரிடம்தான் இருக்க வேண்டும்.) சோதனை வாசலில் உலோகம் கத்துமே என்று அதைப் பெட்டிக்குள் பூட்டி, சரக்கோடு அனுப்பிவிட்டேன்.

இறங்கியபோது எட்டு ஐம்பது. டிக்கெட் பொய் சொல்லவில்லை.

பெட்டி எடுக்கும் இடத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் யாருடைய பெட்டியோ சிக்கி, பின்னால் வந்தவை முட்டிக்கொண்டன. என் கை என்னைக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது. பெல்ட் நின்றது. பத்து மீட்டர் தள்ளி, ரப்பர் திரைக்கு அடியில், என் பச்சைப் பெட்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது.

எடுக்கப் போனேன். நின்ற பெல்ட்டில் ஏறக்கூடாது என்று தடுத்தார் ஓடிவந்த அதிகாரி. பொறுப்பாளர் வந்து காரணத்தை எழுதாமல் திரும்ப ஓட்டவும் கூடாதாம். (இரண்டும் சரியான விதிகள். எத்தனை பேருக்கு நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன்!)

மகன் போனில் அலறினான். "அப்பா, எங்க இருக்கீங்க?"

"பெல்ட்டுகிட்ட."

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கப்பா!"

பெல்ட் மறுபடி ஓட நாற்பது நிமிடம் ஆனது. மண்டபத்துக்குள் நான் ஓடும்போது மணி பத்து நாற்பது. மேளம் ஓய்ந்திருந்தது. மருமகள் கழுத்தில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. முகூர்த்தம் தப்பவில்லை.

பெட்டியோடு நின்ற என்னை மனைவி நிதானமாகப் பார்த்தாள். "நீங்க ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம்னு சொன்ன அன்னைக்கே, குறிஞ்சிப்பாடி போய் நல்ல கிழங்கா வாங்கி வச்சிட்டேங்க."

பொன் தாலியைப் பிறகு சாவகாசமாக அதே கயிற்றில் கோத்தார்கள்.

இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடினால் மருமகள்தான் ஆரம்பிப்பாள். "மாமா, சென்னையிலிருந்து டெல்லி எவ்வளவு தூரம்?" நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்: "ஆயிரத்து எழுநூத்தி அறுபது கிலோமீட்டர், பத்து மீட்டர்!"

அதன் பிறகு பலமுறை டெல்லி போய்விட்டோம். பெட்டி வரும் இடம் நெருங்கியதும் மனைவி என் வலது கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் இந்த வயதிலும் என்ன அன்னியோன்னியம் என்கிறார்கள்.