சின்ன ஓட்டைதானே!

'சின்ன ஓட்டைதானே' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுவார், ஜன்னல் சந்தில் பஞ்சைத் திணிப்பார், யாராவது கதவை அரை விரல் திறந்து வைத்தால் வீடு அதிரக் கத்துவார். அப்புறம் டிரில்லை எடுத்துக்கொண்டு சீலிங்குக்குப் போவார்.

அப்படி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள், மகளின் அறையில் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றாள். புது விளக்கு மாட்டும் படலம். பலகை சீலிங்குக்கு மேலே கூரை வரைக்கும் வருடக்கணக்கான தூசி. மகளுக்கோ தூசி பட்டால் இளைப்பு. ஒரு பொட்டு இடைவெளிகூட விடக் கூடாது. இது அவருக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாதது ஏது?

முதல் துளை. உள்ளே மரக்கட்டை; ஒயர் நுழையவில்லை.

"கட்டையை எவனோ தப்பான இடத்துல வச்சிருக்கான்."

"தட்டிப் பாத்துட்டுப் போட்டிருக்கலாமேங்க?"

"நீ ஏணியப் பிடி."

இரண்டு விரல் தள்ளி அடுத்த துளை. விளக்கின் அகலத் தட்டு இரண்டையும் மறைத்தது. வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம் மட்டும் வெள்ளைப் பசையை வழித்துப் பூசினார். சுவர்ப் பக்கம்? சின்ன ஓட்டைதானே, அதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்!

மறுநாள் தலையணையில் சாம்பல் நிறத் தூசி. மூன்று நாளாக மகள் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். அவரோ ஜன்னல் ஜன்னலாகக் குற்றவாளியைத் தேடினார்.

அவள் ஒரு மெல்லிய தாளைக் கிழித்து, ஏணியேறி விளக்கோரம் பிடித்தாள். "பாருங்க, ஆடுது."

"நீ மூச்சு விடுற. ஆடாம என்ன செய்யும்?"

மூச்சை அடக்கிக் காட்டினாள். தாள் ஆடியது.

"ஏணி ஆடுது," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவள் மெயினை அணைத்தாள். விளக்கை இறக்கினாள். வீண் துளையில் பலகைத் துண்டை வைத்து அடைத்தாள். ஒயர் நுழையும் இடுக்கையும் விடவில்லை. விளக்கைத் திரும்ப மாட்டி, தட்டைச் சுற்றி, முக்கியமாகச் சுவர்ப் பக்கம், பசையை விரலால் அழுத்தி அழுத்திப் பூசினாள். தாள் அசையவில்லை. இரண்டு நாளில் மகள் படுத்துத் தூங்கினாள்.

அவர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "பசை காய நாலு நாள் ஆகும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் மகளுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு உங்கள் மச்சான் முகம் ஞாபகம் வந்திருக்குமே? அவரும் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாராம். அவருக்கு யார் முகம் ஞாபகம் வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.