மாப்பிள்ளைக்குப் பாதம் சில்லிட்டது

வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸம்மாவின் போனில் அந்தச் செய்தி வந்தது. மகளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார்: ‘ஆன்ட்டி, ஐ ஹேவ் கோல்ட் ஃபீட்.’

கல்யாணம் நெருங்கிவிட்டது. இந்த வயதில் பாதம் சில்லிட்டால் என்ன அர்த்தம்? ரத்த ஓட்டம் சரியில்லை, இல்லாவிட்டால் சர்க்கரை. இத்தனை வருட வேலை அவளுக்கு வேறு அர்த்தம் எதையும் சொல்லித் தரவில்லை.

உடனே கூப்பிட்டாள். “மரத்துப் போகுதா தம்பி? ஊசி குத்துற மாதிரி இருக்கா?”

“அது... அப்படியில்ல ஆன்ட்டி...”

“கூச்சப்படாதீங்க. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.”

வந்தார். பாவம், மறுக்கத் தெரியாத பிள்ளை. ரத்தம் கொடுத்தார், ஸ்கேனுக்குப் படுத்தார். ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்கேன் அறை வாசலில் அவரைப் பார்த்துவிட்ட நாத்தனார் சும்மா இருப்பாளா? சாயங்காலத்துக்குள் போன் வந்தது.

“ஏன் அண்ணி, மாப்பிள்ளைக்கு ஒரு காலை எடுக்கணுமாமே?”

சொந்தக்காரர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்து, செய்தியிலிருந்து ஸ்கேன் வரை எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள்.

“அய்யோ அம்மா!” மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “கோல்ட் ஃபீட்னா காலே இல்லம்மா. கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குறது. பனியில கால் விறைச்ச சிப்பாய் சண்டைக்குப் போக மாட்டான்ல, அதுலேருந்து வந்துச்சுன்னு சொல்றாங்க. அவருக்குக் கல்யாணம் வேணாமாம். அவ்ளோதான்.”

பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்ன நெஞ்சுரம் என்று நர்ஸம்மாவுக்கு மலைப்பாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்தா? போட்டோ, விசாரிப்பு, வருகிறவர்கள் முன்னால் வலியப் புன்னகைக்கும் அந்த முகம். அழுகை வரவேண்டிய இடத்தில் தனக்குத் தூக்கம்தான் வந்தது என்பது அவளை உறுத்தியது.

ஆனாலும் எழுந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மணியடித்தாள். அவருடைய தங்கை கதவைத் திறந்தாள்.

“சண்டைக்கு வரலம்மா. என் பொண்ணுகிட்ட என்ன குறைன்னு உங்க அண்ணனை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. போதும்.”

தங்கை உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணன் இப்பவும் தயாராத்தான் இருக்கான் அத்தை. அந்த இங்கிலீஷை எழுதிக் கொடுத்து, ‘உங்க பேர்ல அனுப்பிடுங்க’ன்னு கெஞ்சினதே உங்க பொண்ணுதான்.”