அடைக்கோழியும் வெள்ளிக்கிழமைக் கிழங்கும்

கொழும்பில் குளிர் காரணமாகக் கைதான ஒரே மனிதர் அடைக்கோழிதான். வேறு யாராவது இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊர் இது. இந்த ஊரில் ஒரு மனிதருக்குக் கை விறைத்தது. விறைத்த கையைச் சூடாக்கப் போய்ப் பொலிசில் மாட்டினார்.

இப்போதுள்ள பிள்ளைகள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு ஏசி குளிருது, விரல் நோகுது என்று சிணுங்கி, ரிமோட்டை எடுத்து அமுக்குகிறார்கள். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களுக்கு ரிமோட் இல்லை. ஏசியில் ஒரு திருகி இருந்தது. அதையும் முதலாளி கழற்றித் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இடம் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு மாடியில் எங்கள் அச்சகம். கலியாண அட்டை அடிப்போம், கோயில் திருவிழா நோட்டீஸ் அடிப்போம், செத்தவர்களுக்கு நினைவுப் புத்தகம் அடிப்போம். யுத்த காலம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒருநாளும் குறைவு வந்ததில்லை. நான் கொட்டாஞ்சேனையிலிருந்து காலை பஸ்ஸில் தொங்கி வந்து அங்கே புரூஃப் பார்த்தேன்.

முதலாளி ஒரு கொம்பியூட்டர் வாங்கினார். விற்றவன், மெசினைச் சூட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். முதலாளி அதை மீன் வாங்கியவர் மாதிரி விளங்கிக்கொண்டார். கொள்ளுப்பிட்டியில் மூடிய ஏதோ ஒரு கம்பனிக் கந்தோரிலிருந்து ஒரு கிழட்டு ஏசியைக் கொண்டுவந்து பூட்டினார். லொறி மேடு ஏறுகிற மாதிரிச் சத்தம். அதை முழுக் குளிரில் விட்டுத்தான் திருகியைக் கழற்றினார்.

"மனுசருக்குக் குளிர் பழகும். மெசினுக்குச் சூடு பழகாது" என்றார்.

அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தேத்தண்ணி, தண்ணி, மெழுகுதிரி எதுவும் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் கொம்பியூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை. அந்த மெசினுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி எங்களுக்குக் கிடைத்திருந்தால் நான் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்துகொண்டிருப்பேன்.

இந்தக் குளிர்ப்பெட்டிக்குள் வந்து அகப்பட்டவர்தான் அடைக்கோழி. யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியாக ஒரு லொட்ஜில் இருந்தார். வருஷக்கணக்காகக் கரண்டே இல்லாத இடத்திலிருந்து வந்தவர். விசிறிக் காற்றையே அதிசயமாகப் பார்த்தார். கை சூடாக இருந்தால் அவரைப்போலத் தட்டெழுத ஆள் இல்லை. விறைத்துவிட்டால் விரல் எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரியாது. ஒரு நினைவுப் புத்தகத்தின் ஒப்பாரியில் 'ஐயோ' என்று அடிக்கும்போது விரல் விறைத்து அப்படியே அந்த எழுத்தின் கட்டையில் கிடந்துவிட்டது. 'ஐயோஓஓஓஓஓஓ' என்று வரி முழுக்க ஓடியது. நான் வெட்டப் போனேன். செத்த வீட்டுக்காரர் விடவில்லை. "இதுதான் பொருத்தம், அம்மாவை நினைச்சா இப்படித்தான் வருது" என்று கண்ணைத் துடைத்தார்.

கையைச் சூடாக்க மனிதர் செய்யாத வேலை இல்லை. முதலில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் இருந்தார். ஒரு பந்தி அடிப்பார், கையின் மேல் இருப்பார், அடுத்த பந்தி அடிப்பார். பிறகு கொம்பியூட்டர்த் திரையின் பின்பக்கம் சூடு வருகிறது என்று கண்டுபிடித்தார். இரண்டு கைகளாலும் திரையைச் சுற்றிக் கட்டிப்பிடித்து, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். ஒருநாள் முதலாளி பெண் வீட்டுக்காரர் ஒருவரைக் கலியாண அட்டை காட்டக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன காணும், ஆருக்குக் கலியாணம்? உமக்கும் மெசினுக்குமோ?"

"இல்லை முதலாளி, கை..."

"கையை எடும்! வந்தவர் என்ன நினைப்பார்?"

வந்தவர் ஒன்றும் நினைக்கவில்லை. அட்டையை வேறு இடத்தில் அடித்தார்.

அதற்குப் பிறகுதான் முட்டை வந்தது. சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கே அவித்த முட்டை இரண்டைக் கொதிக்கக் கொதிக்க வாங்கி, காற்சட்டைப் பையில் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டு வருவார். கொஞ்சம் அடிப்பார், பைக்குள் கையை விட்டு முட்டையைப் பொத்துவார், மறுபடி அடிப்பார். முதலாளி பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்கு ஈரச் சாமான் கொண்டு வரக் கூடாதெண்டு சொன்னனான்."

"முட்டை ஈரமோ? தொட்டுப் பாருங்கோ முதலாளி. விழுந்தாலும் சிந்தாது."

முதலாளி தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. தடுக்கச் சட்டத்தில் இடம் இல்லாததால் முட்டை நிலைத்தது. அன்றைக்கு நான்தான் அவருக்கு அடைக்கோழி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் ஒழுங்கை முழுக்கப் பரவி, அவர் சொந்தப் பெயரைத் தின்றுவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "கோழியெண்டாலும் பிரயோசனமான கோழிதானே, தங்கச்சி" என்றார்.

முட்டை ஆறிவிட்டால் அவர் தின்ன மாட்டார். கடதாசித் துண்டில் உப்பும் மிளகுத்தூளும் மடித்து, முட்டையோடு என் மேசையில் கொண்டுவந்து வைப்பார்.

"இது என்னா அண்ணே, உங்க காற்சட்டைக்குள்ள கிடந்த முட்டைய நானா தின்னணும்?"

"கோது இருக்குத்தானே. கோதை உரிச்சா உள்ளுக்கு ஒருத்தற்ற கையும் படேல்லை. காலமை சாப்பிட்டிட்டோ வந்தனீர்?"

சாப்பிட்டுவிட்டு வந்தால் கொட்டாஞ்சேனையிலிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பது? ஏசிக்கொண்டே தின்றேன். அடுத்த நாளும் ஏசினேன், அடுத்த நாளும் தின்றேன்.

நானாவின் கடைக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் நடுவில் மண்மூட்டை அடுக்கிய ஆமிக் காவல். பையில் இரண்டு உருண்டையோடு அந்த வழியால் போகும் தமிழனை யார் விடுவார்கள்? முதல் நாள் நானா ஓடிவந்து விளக்கம் சொன்னார். பிறகு அந்தப் பொடியன்களுக்கு அது ஒரு பகிடி. தூரத்தில் கண்டவுடனேயே "பித்தர!" என்று கத்துவார்கள். சிங்களத்தில் முட்டை. இவரும் பையைத் தட்டிக் காட்டி "பித்தர, பித்தர" என்பார். இவ்வளவு காலம் கொழும்பில் இருந்து அவர் படித்த சிங்களம் அந்த ஒரு சொல்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் முட்டை கூடாது. சந்தனம் வைத்த மெசினுக்கு முன்னால் முட்டை கொண்டுவரக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் உருளைக்கிழங்கு. லொட்ஜில் அவித்து, சூடு போகாமலிருக்க ஒவ்வொன்றையும் காலில் போடுகிற ஒரு கறுப்பு மேசுக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காவலில் பழைய பொடியன்கள் இல்லை. புதியவர்கள். ஒருவன் இவருடைய பையைத் தடவினான். உருண்டையாக, கனமாக, சூடாக ஏதோ கையில் பட்டது. பாய்ந்து பின்னால் போய்த் துவக்கை நீட்டினான்.

"மொக்கத மே? என்ன இது?"

பயத்தில் மனிதருக்குத் தெரிந்த ஒரே சொல் வாயில் வந்தது. "பித்தர, பித்தர."

முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே கிழங்கு. சொன்னது முட்டை, இருந்தது கிழங்கு. ஆமிக்குப் பொய் சொன்ன யாழ்ப்பாணத் தமிழன். மேசுகளையும் கிழங்கையும் ஆளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்ப் பொலிசில் விட்டார்கள்.

கடையிலிருந்து பார்த்த நானா ஓடிவந்து சொன்னார். முதலாளி கதிரையை விட்டு எழும்பவில்லை. "நாங்கள் போனா எங்களையும் வைச்சிருப்பாங்கள், மிஸ்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏசியைப் பிடுங்கி அவர் தலையில் போட்டிருப்பேன். பின்னேரத்துக்குள் எடுக்காவிட்டால் ஆளை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றியவர்களை எந்தக் கதவில் போய்த் தேடுவது என்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. ஊரில் இருக்கும் மனைவிக்குச் சேதி போகவே மாதக்கணக்காகும். எனக்குச் சிங்களமும் இருந்தது, வாயும் இருந்தது. போனேன்.

மேசைக்குப் பின்னால் ஒரு தடித்த அதிகாரி. மேசை மேல் இரண்டு கிழங்கும் இரண்டு மேசும். மூலையில் அடைக்கோழி, கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒரு மர வாங்கில் இருந்தார். அங்கே குளிர் இல்லை. பயத்திலும் அவருக்குக் கை அங்கேதான் போகும்போல.

நடந்ததை நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் கறுத்தது.

"கொழும்பில் கை விறைக்கிறதா?"

"ஓம் சேர், கொம்பியூட்டர் அறையில."

"சரி. மற்ற நாள் முட்டை. இன்றைக்கு ஏன் கிழங்கு?"

"இன்றைக்கு வெள்ளிக்கிழமை, சேர். கொம்பியூட்டர் சைவம்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இந்தக் கதிரையில் இருந்து நான் கேட்காத பொய் இல்லை. இது புதுசு" என்றார். பிறகு எழும்பித் தொப்பியை எடுத்தார். "நான் நுவரெலியாவில் வேலை செய்தவன். குளிர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அந்த அறையில் நான் இருந்து பார்க்கிறேன். என் கை குளிரவில்லை என்றால் இவன் உள்ளே. கூட நீயும்."

ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். கதவைத் திறந்தேன். உள்ளே குளிரே இல்லை. தேத்தண்ணிக் கடை மாதிரி இதமாக இருந்தது.

முதலாளி இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். ஜீப் வருவதை யன்னலால் கண்டிருக்கிறார். அச்சகத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக லாச்சியைத் திறந்து, திருகியை எடுத்து, ஏசியைக் குறைத்திருக்கிறார்.

"சேர் பெரிய ஆள், அவருக்குக் குளிரும் எண்டு..."

இத்தனை நாள் கெஞ்சியபோது குறைக்காத மனிதர்! அடைக்கோழியின் முகத்தில் இரத்தமே இல்லை. நான் முதலாளியின் கையிலிருந்த திருகியைப் பறித்தேன்.

"நாசமாப் போன மனுசா, குளிரக் கூட்டுங்க!"

"மிஸ்ஸுக்கு விசர்..."

திருகியைப் பூட்டி முழுக்கத் திருப்பினேன். கிழட்டு ஏசி இருமியது, நடுங்கியது. நின்றுவிடும் என்று நினைத்தேன். பிறகு லொறி மேடு ஏறத் தொடங்கியது. அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் எனக்குத் தேவாலய மணி மாதிரிக் கேட்டது.

அதிகாரி கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். மல்லிகைப் பூவையும் குங்குமத்தையும் பார்த்தார். எனக்கு மாதாவும் முதலாளிக்கு முருகனும் வேலையில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிகாரி விரலை மடக்கி நீட்டினார். பிறகு கையோடு கையைத் தேய்த்தார். பிறகு மெதுவாக, தனக்கே தெரியாமல், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் இருந்தார்.

அடைக்கோழி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சிரித்திருந்தால் தொலைந்தோம்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இந்த அறைக்கு முட்டைதான் நல்லது. கிழங்கு போதாது" என்றார். "இப்போது ஒன்று எடுக்கலாமா?"

வெள்ளிக்கிழமை என்பது முதலாளிக்கு மறந்துவிட்டது. தானே இறங்கி ஓடினார், நானாவின் கடைக்கு. சந்தனம் வைத்த மெசினுக்கு முன்னால் ஒரு பொலிஸ் அதிகாரி இரண்டு கைகளாலும் முட்டையைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். போகும்போது அடைக்கோழியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். முட்டையைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த நாள் திருகி மறுபடி லாச்சிக்குள். அதே குளிர். முட்டை மட்டும் எல்லா நாளும். மெசின் அன்றோடு சைவத்தை விட்டுவிட்டது.

பிறகு ஒரு காலத்தில் மனைவியும் மகளும் வந்து சேர, மூன்று பேரும் கனடாவுக்குப் போனார்கள். கை விறைக்கிற மனிதர் போன இடத்தைப் பாருங்கள். போன மாதம் தொலைபேசியில் வந்தார். குரல் கிழண்டுவிட்டது.

"எப்பிடி அண்ணே, குளிர்?"

"வெளியில பேய்க்குளிர், தங்கச்சி. ஆனா கொம்பியூட்டர் வைச்சிருக்கிற அறையெல்லாம் சூடு. கை வேர்க்குது."

"அப்ப முட்டை இல்ல?"

"அவிச்சுக் கையில வைச்சிருக்கிறனான்தான். பழக்கம். ஆறினாப் பிறகு ஆருக்குக் குடுக்கிறதெண்டுதான் தெரியேல்லை. இங்க ஒருத்தரும் ஏசிக்கொண்டு தின்னுறேல்லை."

"சும்மா அலட்டாம எடுத்து வைங்க. வாறேன்" என்றேன்.

என்னிடம் பாஸ்போர்ட்கூட இல்லை.