எதிலும் பிரியாத ஆயிரத்து ஒன்பது

"ரோசம்மா, இது ஏழால பிரியுது" என்றார் அருள்நாதன்.

எண்ணெய்ச் சட்டியின் முன்னாலிருந்து மனைவி நிமிர்ந்தாள். "எதுங்க பிரியுது?"

"ஆயிரத்தொண்ணு. ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எதைப் போட்டாலும் மீதியில்லாம போகுது."

அருள்நாதன் இண்டூரில் கணக்கு வாத்தியார். அன்றைக்கு மகள் இன்னாசியம்மாளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அரூரிலிருந்து பதினோரு மணிக்கு வருகிறார்கள். திரும்பும்போது கொண்டுபோக ஆயிரத்தொரு அதிரசம் வேண்டும் என்று அவர்களே சொல்லியனுப்பியிருந்தார்கள். முழு எண்ணோடு ஒன்று கூட்டி வைத்தால் பங்கு பிரியாது, சம்பந்தமும் பிரியாது என்பது ஊர் வழக்கம். போன வருஷம் வேறு இடத்தில் பேசி, ஐந்நூறு அதிரசம் கொடுத்தனுப்பி, ஒரே மாதத்தில் அந்தச் சம்பந்தம் முறிந்துபோயிருந்தது. இதுவும் முறிந்தால் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

"அப்ப பிரியாத நம்பரை நீங்களே சொல்லுங்க."

நிச்சயத்துக்கென்று வெள்ளையடித்த சுவரில் கரித்துண்டால் வகுக்க ஆரம்பித்தார். "ஆயிரத்து மூணு, பதினேழால போகுது. ஆயிரத்து ஏழு, பத்தொம்பதால போகுது. ஆயிரத்து ஒம்பது... இது நிக்குது. இன்னும் எட்டு சுடு."

"மாவு தீந்துபோச்சே."

பக்கத்து வீட்டுச் செல்லம்மாளிடம் மாவு வாங்கி வந்தார். அவசரத்தில் பாகு இளகிவிட்டது. ஏழு ஒழுங்காக வந்தன. எட்டாவது சட்டியிலேயே இரண்டாகப் பிளந்தது.

"இதை ஒண்ணுன்னு எண்றதா, ரெண்டுன்னு எண்றதா?" என்றாள் ரோசம்மா.

"ரெண்டுன்னா ஆயிரத்துப் பத்து. அது சரிபாதியாப் பிரியும்."

"அப்ப வாயில போட்டுக்கங்க."

"போட்டா ஆயிரத்து எட்டு. அது ரெண்டு, மூணு, நாலு, ஆறு, யார் கூப்பிட்டாலும் போயிரும்."

மறுபடி மாவு வாங்கப் போனார். பாகு காய்ந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

"அப்பா, அவங்க வந்து ஒரு மணி நேரமாச்சு. காப்பிகூடக் குடுக்கலை" என்றாள் இன்னாசியம்மாள். பட்டுப்புடவையில் நின்றவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இரு கண்ணு. எல்லாம் உனக்காகத்தான்."

கடைசி அதிரசம் முழுசாக வெந்து கூடையில் விழுந்ததும், கரி படிந்த பனியனோடு கூடத்துக்கு ஓடினார். மாப்பிள்ளையின் அம்மா ஆரோக்கியம்மாள் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, சம்பந்தி. நீங்க கேட்ட ஆயிரத்தொண்ணு பிரியற நம்பருங்க. நான் ஆயிரத்து ஒம்பது வச்சிருக்கேன். எதால வகுத்தாலும் பிரியாது."

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

ஆரோக்கியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிரியணும்னுதானுங்க கேட்டோம். எங்க சொந்தத்துல எழுபத்தேழு வூடு, அந்தோணியார் திருநாள் பதிமூணாந்தேதி, அந்தக் கணக்குல வூட்டுக்குப் பதிமூணு. அந்த மிச்சம் எட்டை இப்படிக் கொண்டாங்க, எட்டு பேர் பசியோட உக்காந்திருக்கோம்."