வதனியின் முதல் தனிப் பயணம்

பஸ்ஸின் பின்கதவால் ஏறியதும் கதிரவேலு செய்த முதல் வேலை, பேப்பரை விரித்து முகத்தை மறைத்ததுதான். முன்பக்கம் நின்ற மகள் கண்டுவிடக்கூடாது.

வதனிக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்றுதான் முதன்முதலாகத் தனியே போகிறாள். "ஒருத்தரும் கூட வரவேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எண்பத்துநாலாம் ஆண்டு, றோட்டில் எந்த நேரம் எது நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கதிரவேலு நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். கோப்பாயிலிருந்து பஸ் நிலையம் வரை ஒவ்வொரு தரிப்பையும் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்து, ஒரு மாதமாகப் பாடம் நடத்தியிருந்தார். அப்படியும் மனம் கேட்கவில்லை.

"நான் ஒளிச்சு ஒளிச்சுப் பின்னாலை போறன்" என்று மனைவி கமலாவதியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இருபாலையில் கூட்டம் ஏறியது. பேப்பர் கசங்கியது, வதனி மறைந்தாள். கல்வியங்காட்டில் இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பிள்ளை இறங்குவது தெரிந்தது.

"ஐயோ, உது உன்ரை தரிப்பில்லை, பிள்ளை" என்று முணுமுணுத்தபடி ஆட்களை இடித்துக்கொண்டு அவரும் குதித்தார். ஒரு செருப்பு பஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

ஒழுங்கைக்குள் நூறு யார் தூரம் போனபிறகு பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வேறு யாரோ பெற்ற பிள்ளை.

"ஆரைத் தேடுறியள், மாமா?"

"ஒருத்தரையும் இல்லை, மோனை. நீ போ."

திரும்ப ஓடிவந்து, நடுறோட்டில் நின்று முதலில் வந்த பஸ்ஸை மறித்து ஏறினார். மூச்சு வாங்கி முடிந்த பிறகுதான், சற்றுமுன் பார்த்த கடைகளையே மறுபடி பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது.

"தம்பி, இது பட்டணம் போகாதோ?"

"போகும் ஐயா. அச்சுவேலிக்குப் போட்டுத் திரும்பி வரேக்கை" என்றார் கொண்டக்டர்.

"அப்ப என்னை இறக்கிவிடும்."

"இது கடுகதி. நீங்கள் குறுக்கை நிண்டபடியாலை நிப்பாட்டினது. இனி நீர்வேலியிலைதான்."

நீர்வேலிக்கு முன் அவருடைய சொந்த வீடு வந்தது. படலையடியில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்த கமலாவதி தலையை நிமிர்த்தினாள்.

"பிள்ளை எங்கையப்பா?"

"வாறன்" என்றார் கதிரவேலு, யன்னலால். அதற்கு மேல் விளக்கம் சொல்ல பஸ் விடவில்லை.

நீர்வேலியில் இறங்கி, நாலு பேரிடம் கேட்டு உறுதிசெய்து, பட்டணம் போகும் பஸ்ஸில் ஏறி, யாழ்ப்பாணம் வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. பஸ் நிலையத்தில் வதனி இல்லை. ஒற்றைச் செருப்போடு, பஸ்கள் வந்துபோகும் நேரம் பதிகிற ரைம்கீப்பரின் அறைக்கு ஓடினார்.

"ஐயா, ஒரு பிள்ளையைக் காணேல்லை. கோப்பாய்ப் பிள்ளை."

ரைம்கீப்பர் ஆறுதலாகக் கொப்பியைப் புரட்டினார்.

"கோப்பாயோ? உங்கடை பேர்?"

"கதிரவேலு. ஆனால் காணாமல் போனது நானில்லை, என்ரை மகள்."

ரைம்கீப்பர் ஒரு வரியில் விரலை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

"'கதிரவேலு, வயது நாற்பத்திரண்டு, கல்வியங்காட்டிலை மாறி இறங்கிட்டார், பஸ் பழக்கமில்லை, கண்டால் இஞ்சை இருத்தி வையுங்கோ, பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கூட்டிக்கொண்டு போறன்' எண்டு உங்கடை மகள் ஏழரைக்கே எழுதிவிச்சிட்டுப் போட்டா."