நாற்பத்தோராம் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்

ஓமாரு, நியூசிலாந்து
14 மே 1912

லண்டனில் 'ஐக்கிய சாம்ராஜ்யம்' காலாண்டுப் பத்திரிகையை நடத்திவரும் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் ஓமாரு ஆய்வுக் குழுவின் செயலாளன் கில்பர்ட் ஆஃப்லெக் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் மனைவி இசபெல், இளைய மகன் டேவிட், குழு உறுப்பினர் ஐவர், இருநூற்றுப் பத்து ஆடுகள் யாவரும் நலம். கப்பலில் இக்கடிதம் தங்களிடம் வந்து சேர ஆறு வாரம் ஆகும். அதுவரையாவது தாங்களும் தங்கள் துணையாசிரியர்களும் சாம்ராஜ்யமும் சௌக்கியமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

தங்கள் மார்ச் மாதக் கடிதத்தில் என்னைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தப் புகழைத் திருப்பி அனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாம்ராஜ்யம் முழுவதற்கும் ஒரே பாராளுமன்றம் வேண்டும் என்று தாங்கள் அச்சிட்டு அனுப்பிய அறிக்கை நூற்றிருபது பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு வெற்றுப் பக்கம், அதில் எங்களைப் போன்ற குழுக்கள் கருத்தெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், நல்லதாக இருந்தால் எழுதியவர் பெயர் போடாமல் பத்திரிகையில் வரும், இதெல்லாம் தாங்கள் அறிந்ததே. அட்டையில் 'அந்தரங்கம், குடும்பத்தாருக்கும் காட்டலாகாது' என்று வேறு போட்டிருந்தீர்கள். நாங்களும் ஹாகிட்டின் இரும்புக் கடைப் பின்னறையில் ஆணிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பதினோரு வாரம் அந்தரங்கமாக விவாதித்தோம். பிறகு என் கருத்துகளைப் பென்சிலால் தனித் தாள்களில் எழுதினேன். நான் முப்பது வருஷம் நில அளவையாளனாக இருந்தவன். முழங்காலில் வைத்து எழுதி எழுதிக் கையெழுத்து கெட்டுப்போனது. ஒரு முறை 'சதுப்பு' என்று நான் குறித்த இடத்தை மேலிடத்தில் 'நகரம்' என்று படித்து, மனை பிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் எழுதுவதையெல்லாம் மையில் படியெடுப்பவள் இசபெல்தான். ஆகவே அறிக்கையையும் அவளிடமே கொடுத்தேன். விதியைச் சொல்லாமல் கொடுக்கவில்லை.

"இதைக் குடும்பத்தாருக்குக் காட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. படிக்காம எழுதிடு" என்றேன்.

"அதுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டே எழுதிடறேன்" என்றாள்.

எழுதினாள். நான் கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டுத் தபாலில் சேர்த்தேன். அவள் படியெடுத்ததை நான் ஒரு நாளும் திரும்பப் படித்துப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதன்பின் தங்கள் கடிதம் வந்தது. மற்றப் பக்கங்களுக்கு நான் சொன்னதையெல்லாம் கனடாக்காரர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள் என்றும், நாற்பத்தோராம் பக்கத்துக்கு எதிரே எழுதியிருந்ததை மட்டும் எந்த நாட்டிலிருந்தும் ஒருவரும் சொல்லவில்லை என்றும், செப்டம்பர் இதழில் அது வரும் என்றும், அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு நான் லண்டன் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். குழுவில் இதை இரண்டு தடவை உரக்கப் படித்தேன். பாதிரியார் மகாண்ட்ரூ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஃப்லெக், உமக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கான்னு இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சேய்யா."

எனக்கும்தான் தெரியாது. இருந்தாலும் கையைக் கொடுத்துவிட்டேன். அப்படி என்னதான் எழுதினாய் என்று ஹாகிட் கேட்டான். செப்டம்பர் வரை பொறு என்று அடக்கமாகச் சிரித்தேன். என்ன எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து இசபெலிடம் சொன்னேன். டர்னிப் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"நாப்பத்தொண்ணு."

அவள் நிமிரவில்லை. நான் பென்சில் தாள்களைத் தேடி எடுத்தேன். தாங்கள் அந்தப் பக்கத்தில் அச்சிட்டிருந்தது: 'தென்னாப்பிரிக்க யுத்தத்தில் நியூசிலாந்துத் தாய்மார்கள் தங்கள் புதல்வர்களை மனமுவந்து அளித்தனர்.' அதற்கு நான் எழுதியிருந்தது ஒரே சொல். 'ஒப்புக்கொள்கிறேன்.'

எங்கள் மூத்த மகன் ஆலெக் அந்த யுத்தத்துக்குப் போனவன். அங்கே ப்ளூம்ஃபான்டைன் நகரில் ஒரு ஆஸ்பத்திரிக் கூடாரத்தில், குண்டுபட்டுக்கூட இல்லை, காய்ச்சலில் போனான். அப்போது அவனுக்கு இருபது வயது.

"நான் எழுதினதை ஏன் எழுதலை?" என்றேன்.

"எழுதத்தான் பேனாவைத் தொட்டேன், கை வரலை. நாப்பது பக்கம் நீங்க சொன்னதையெல்லாம் எழுதினேனே, கம்பளி மேல போடற வரியைப் பத்திக்கூட. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீங்களே எழுதியிருக்கலாம்."

"பின்ன என்னதான் எழுதினே?"

கத்தியைக் கீழே வைக்காமலே, தங்களுக்கு எழுதியதை அப்படியே சொன்னாள். "ஆலெக் மனசோட போனான், அது நிஜம். நான் மனசோட அனுப்பலை. என்னை யாரும் கேக்கலை. இந்த ஊர்ல பத்தொன்பது வருஷமா எனக்கு ஓட்டு இருக்கு. உங்க லண்டன்ல பொம்பளைங்களுக்கு இல்லையாம். நீங்க கட்டப்போற பெரிய பாராளுமன்றத்துல என் ஓட்டு இருக்குமா, இல்லே கரைஞ்சிடுமா? இருக்கும்னா, அடுத்த சண்டைக்கு முன்னாடி என்னைக் கேளுங்க. இருக்காதுன்னா, மனமுவந்துங்கிற வார்த்தையை எடுத்திடுங்க. என் சின்னவனுக்கு ஆகஸ்டுல பதினெட்டு முடியுது. இவ்வளவுதான் எழுதினேன்."

நூற்றிருபது பக்கத்தில் இந்தக் கேள்வி தங்களுக்கும் தோன்றவில்லை, பதினோரு வாரத்தில் எங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த கூட்டத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்று, "அதை நான் எழுதலை" என்றேன். பாதிரியார், "பாருங்க, இதுக்குப் பேர்தான் அடக்கம்" என்றார். "என் வீட்டுக்காரி எழுதினது" என்றேன். பின்னறையே சிரிப்பில் அதிர்ந்தது. "எல்லார் வீட்டுலயும் அதே கதைதான்யா" என்று ஹாகிட் என் முதுகில் தட்டினான். நான் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் கடைத்தெருவில் எனக்கு வணக்கம் சொல்பவர்கள் இன்னும் கூடிப்போனார்கள்.

ஆகவே ஐயா, இதற்கு ஒரே வழிதான் உண்டு. அதை எழுதியவள் குழு உறுப்பினர் அல்லள். அந்தரங்கமும் என்னால்தான் வெளியே போயிற்று. விதிப்படி அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். செப்டம்பர் இதழில் எதுவும் வர வேண்டாம். மாநாட்டுக்கும் நான் வருவதற்கில்லை. இத்துடன் இந்த விஷயம் முடிந்ததாகக் கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் பத்திரிகை நீடூழி நடக்கவும், தங்கள் இல்லத்தார் யாவரும் நோய்நொடியின்றி இருக்கவும், கடல் நடுவே இருந்தாலும் நாம் ஒன்றாக இருக்கவும் பிரார்த்திக்கும்,

தங்கள் உண்மையுள்ள,
கில்பர்ட் ஆஃப்லெக்

பி.கு: இதை என் கையாலேயே எழுதுகிறேன். புரியாவிட்டால் பூதக்கண்ணாடி வைத்தாவது படிக்கவும். மேலே உள்ள கடிதத்தையும் இசபெல்தான் படியெடுத்தாள். இந்த முறை என் பென்சில் தாளோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. தன் தாளைக் கிழித்துவிடச் சொல்லும் இடத்தில்தான் அவள் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது. மை உலர்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதைக் கிழிச்சுட்டா, ஆலெக்கை நான் மனசோட கொடுத்தேன்னுதானே அங்க நிக்கும்?"

கேட்டுவிட்டு, டேவிடின் சனிக்கிழமைக் கட்டாய ராணுவ டிரில்லுக்கு பூட்ஸ் துடைக்கப் போய்விட்டாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கிழிக்காதீர்கள், அச்சிடுங்கள். பெயர் போட விதி இடம் தராவிட்டால் 'ஆலெக்கின் தாய்' என்று போடுங்கள். மாநாட்டு அழைப்பை அவள் பெயருக்கு அனுப்புங்கள், பெட்டி தூக்க நான் வருகிறேன். கடைசியாக ஒன்று. நாற்பத்தோராம் பக்கத்துக்கு நான் எழுதிய அந்த ஒரு சொல் தங்களிடம் வந்து சேரவே இல்லை. அதனால் அதைத் திரும்பப் பெற வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தாலும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.